மோல்மீனிலிருந்து வந்த போனை ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: மியான்மரில், ரங்கூனில் இருக்கிறேன், வயது 52. நிலநடுக்கத்துக்குப் பிறகு தூக்கமே இல்லை. தெருவில் லாரி போனாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மகனுக்கு 24 வயது, கட்டாயமாக ராணுவத்துக்கு எடுத்துவிடுவார்களோ என்று கவலை. மோல்மீன் ஊரிலிருந்து தங்கை கூப்பிட்டால்கூட பயந்து போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். அம்மா சாகும்போது அவளுக்குக் கொடுக்கச் சொன்ன சங்கிலி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அதைக் கேட்பாளோ என்றுதான். தினமும் ஜெபிக்கிறேன், காணிக்கை தவறுவதில்லை. பயம் போக எந்த வசனம் வாசிக்கலாம்?

பதில்: சகோதரி, சங்கீதம் 91-ம் பிலிப்பியர் 4:6-ம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அவற்றை நான் திரும்ப எழுதப் போவதில்லை.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த நாட்டில் யார் நிம்மதியாகத் தூங்கினார்கள்? மகனைப் பற்றிய பயமும் உங்கள் தெரு முழுக்க இருக்கிறது. இவற்றைச் சங்கிலியோடு முடிச்சுப் போட மாட்டேன். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் இயேசு. தூக்கத்துக்கு டாக்டரைப் பாருங்கள்.

ஆனால் கூடப்பிறந்தவள் கூப்பிட்டால் போனைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிற பயம், நிலநடுக்கம் கொடுத்ததில்லை. நீங்களே வைத்து வளர்த்தது.

ஆதியாகமம் 42-ஐ எடுத்து வாசியுங்கள். தம்பி யோசேப்பை அண்ணன்மார் விற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தானியம் வாங்க எகிப்துக்குப் போன அவர்கள்மேல் விழுந்த குற்றச்சாட்டு, வேவு பார்க்க வந்தார்கள் என்பதுதான். யோசேப்பைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் வாயிலிருந்தே வருகிறது: தம்பி கெஞ்சினான், நாம் கேட்கவில்லை, அதனால்தான் இந்த ஆபத்து. திரும்பும் வழியில் ஒருவன் சாக்கைத் திறந்தால், கொடுத்த பணம் அப்படியே இருக்கிறது. சொந்தப் பணத்தைப் பார்த்தே நடுங்கினார்கள்!

‘பத்திரமாக’ இருக்கிறதாம்! யாருக்குப் பத்திரம்? தங்கம் விற்கிற விலை எனக்கும் தெரியும். கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான்தானே என்று ஒரு நியாயமும் வைத்திருப்பீர்கள். சரி, பார்த்தீர்கள். பெற்றவளைப் பார்ப்பது கடமை, அதற்குக் கூலி எடுத்துக்கொள்கிற பிள்ளையை நான் பிள்ளை என்று சொல்ல மாட்டேன். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளை, அவர்கள் மூச்சு நிற்கும்வரை மட்டும்தான் என்று எங்கே எழுதியிருக்கிறது?

காணிக்கை தவறுவதில்லை என்று பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். தன்னிடம் ஒப்புவித்த பொருளை வைத்துக்கொண்டு ஏமாற்றியவன், முழுப் பொருளோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும், பலியும் செலுத்த வேண்டும். லேவியராகமம் 6-ஆம் அதிகாரம். பலியைச் செலுத்திவிட்டுப் பொருளை வைத்துக்கொள்ள அங்கே வழியே இல்லை. சங்கிலி போய்ச் சேரும்வரை காணிக்கை உறையை ஓரமாக வையுங்கள். ஆயர் கோபித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பாதுகாப்பில்லாத இந்தப் பாதையில் நகையோடு பஸ் ஏற வேண்டாம், யாரிடமும் கொடுத்தனுப்பவும் வேண்டாம். அவள் கூப்பிடட்டும் என்று காத்திராமல் இன்றைக்கே நீங்கள் போன் செய்யுங்கள். சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம், முதலில் சங்கிலி. எடை எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். எப்போது, எப்படி வாங்கிக்கொள்வது என்று அவள் முடிவு செய்யட்டும். அடகுக்கடையில் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, மீட்டுத் தரும் தேதியைக் கொடுங்கள்.