அம்மா, கேஸ் வந்திருக்கு!

கேள்வி: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒன்பது வருடமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இப்போதெல்லாம் அழுகிற குழந்தையைப் பார்த்தாலும் மனசு மரத்துக் கிடக்கிறது. டியூட்டி இல்லாத இரவிலும் போன் தலைமாட்டில்தான். ஜூனியர் எழுதும் சமூக விசாரணை அறிக்கையைத் திருப்பி எழுதினால்தான் நிம்மதி. என் நாலு வயது மகன்கூட ‘அம்மா, கேஸ் வந்திருக்கு’ என்று சொல்லித்தான் என்னை எழுப்புகிறான், குறும்பன்! எனக்கு இளகிய மனசு. இந்த வேலைக்கு என் சுபாவம் ஒத்துவராதோ?

பதில்: குறும்பா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘அம்மா’ என்று கூப்பிட்டுப் பார்த்திருப்பான். ‘பசிக்குது’ என்றும் சொல்லிப் பார்த்திருப்பான். எந்த வார்த்தைக்கு நீங்கள் விருட்டென்று எழுந்து உட்காருகிறீர்கள் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறான். வேறொரு வீட்டு விசாரணையில் ஒரு குழந்தை இப்படிச் சொன்னதாகக் கேட்டிருந்தால் அறிக்கையில் அடிக்கோடு போட்டிருப்பீர்கள்.

‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்பதை நம்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் நம்புவதில்லை. பெற்ற பிள்ளை முதலில், ஊர்ப் பிள்ளை அப்புறம். சுயநலம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

சட்டென்று பதறும் சுபாவக்காரர்கள் இந்த வேலையில் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஜூனியரின் அறிக்கையைத் திருப்பி எழுதுவது இளகிய மனசா? ‘என்னை விட்டால் ஆள் இல்லை’ என்ற நினைப்பு. (கர்வம் என்றும் சொல்லலாம்.) அந்த ஜூனியர் எப்போதுதான் எழுதக் கற்றுக்கொள்வது?

மரத்துப்போவது உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-லேயே இந்தப் பணிச்சோர்வுக்கு (burnout) அளவுகோல் வைத்தார்: உள்ளுக்குள் வற்றிப்போவது, எதிரில் நிற்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல், இது நோயல்ல, வேலையிடத்து அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றது. அதனால் கேஸ்களைக் குறைக்கச் சொல்லி அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாக வேண்டும், தெரியும். அதை அன்றைக்கு டியூட்டியில் இருப்பவர் நிறுத்துவார். குழந்தைகள் உதவி எண் 1098 ராத்திரி பகலாக ஓடலாம், ஒரே ஆள் ஓட முடியாது.

ஆமாம், இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் கணவரைக் காணவே இல்லையே? வீட்டில் இருந்தால், காலையில் பிள்ளைக்குப் பால் காய்ச்சித் தரட்டும்.

டியூட்டி இல்லாத ராத்திரியில் போனை அணைத்து பீரோவில் வையுங்கள். மறுநாள் அவன் வெறும் ‘அம்மா’ என்றால் எழுந்துவிடுங்கள். முதல் தடவையிலேயே.