ஒரு பொருளைப் பார்த்தால் போதும், போகிற இடமெல்லாம் அதே விளம்பரம் வருகிறதே, கம்பெனிகள் போனை ஒட்டுக்கேட்கின்றனவா?

ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் என் பதில். மார்க்கெட்டிங் டெக்னாலஜி பக்கம் வேலை பார்க்கிறேன், அங்கே தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் பேசுவதைவிட நீங்கள் செய்வதுதான் வியாபாரத்துக்கு உபயோகம், அது ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது.

ஒரு தளத்தில் ஷூ பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஷூ, என்ன விலை, எந்த சைஸைத் தட்டினீர்கள், எந்த விளம்பரம் வழியாக வந்தீர்கள், கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனீர்களா, இதெல்லாம் ஒவ்வொன்றும் நேரத்தோடு பதிவாகும். அப்போது உங்கள் பெயர் தெரியாது, குக்கீயில், அதாவது தளம் உங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் குறிப்பில், இருக்கும் ஒரு எண் மட்டும்தான். (1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் லூ மான்டுல்லி குக்கீயை உருவாக்கியபோது, கூடையில் போட்ட பொருள் பக்கம் மாறினாலும் மறந்துபோகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தேவையாக இருந்தது.) எப்போதாவது லாகின் செய்வீர்கள், அல்லது தள்ளுபடி கூப்பனுக்காக மின்னஞ்சலைக் கொடுப்பீர்கள். அந்த நொடியில் அந்த எண்ணும் நீங்களும் ஒன்றாகிவிடுவீர்கள், பழைய பதிவுகளும் உங்கள் கணக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சேர்ப்பதற்கென்றே இருக்கும் மென்பொருளைத்தான் கஸ்டமர் டேட்டா பிளாட்ஃபார்ம் என்கிறோம். 2013-இல் டேவிட் ராப் என்ற மார்க்கெட்டிங் டெக்னாலஜி ஆலோசகர் வைத்த பெயர் அது.

சரி, வேறு ஆப்பில் எப்படித் துரத்துகிறது? இரண்டு வழி. ஒன்று, ஷூ தளத்திலேயே விளம்பர நிறுவனத்தின் சின்ன நிரல் துண்டு ஒன்று, பிக்சல் என்பார்கள், உட்கார்ந்துகொண்டு நீங்கள் பார்ப்பதை அந்த நிறுவனத்துக்கும் சொல்லும். இன்னொன்று, கம்பெனி தன் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களை ஹாஷ் செய்து, அதாவது படித்தால் புரியாத நீள எழுத்துச் சரமாக மாற்றி, பேஸ்புக், கூகுள் மாதிரி இடங்களில் ஏற்றும். அவர்களும் தங்களிடம் இருக்கும் முகவரிகளை அதே மாதிரி மாற்றிப் பொருத்திப் பார்ப்பார்கள். இதனால் அடையாளம் மறைந்துவிடுகிறது என்று கம்பெனிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரே முகவரியை எங்கே மாற்றினாலும் ஒரே சரம்தான் வரும், ஆளைக் கண்டுபிடிக்கத்தானே அதைச் செய்கிறார்கள்.

யாருக்கு என்ன அனுப்புவது என்ற கணக்கு பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிட எளிமையானது. கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், எவ்வளவு செலவழித்தார் என்ற மூன்றே கேள்வி, தபாலில் கேட்டலாக் அனுப்பி விற்ற காலத்திலிருந்தே இருப்பது, இன்றைக்கும் பல கம்பெனிகளில் அதுதான் ஓடுகிறது. "இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்" என்பதற்கு அமேசான் ஆட்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரையிலும் ஆளோடு ஆளை ஒப்பிடுவதில்லை, பொருளோடு பொருளைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் வேறு. ஷூவை வாங்கிய பிறகும் அதே விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறதே, அது ஏன்? வாங்கிய தகவல் பில்லிங் சிஸ்டத்தில் இருக்கும், விளம்பரப் பட்டியல் இன்னொரு சிஸ்டத்தில் இருக்கும், இரண்டும் ராத்திரி ஒருமுறை பேசிக்கொண்டால் அதிர்ஷ்டம். நேரில் கடைக்குப் போய் வேறு போன் எண் கொடுத்து வாங்கியிருந்தால் அதுவும் கிடையாது. இதைவிட மோசம், வந்த பொருள் கிழிந்திருக்கிறது என்று புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஒருவருக்கு "உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தது" என்று பெயர் போட்டு மெயில் போவது. புகார் பார்க்கும் டீமின் தகவல் மார்க்கெட்டிங் டீமுக்கு வந்து சேராததுதான் காரணம். ஒரு கம்பெனி இதையெல்லாம் நன்றாகச் செய்கிறதா என்று பார்க்க, யாருக்கு என்ன அனுப்புகிறார்கள் என்று நான் முதலில் கேட்கமாட்டேன், யாருக்கு எப்போது அனுப்பாமல் நிறுத்துகிறார்கள் என்றுதான் கேட்பேன். பெரும்பாலான இடங்களில் அதற்கு யாரும் பொறுப்பில்லை, ஏனென்றால் டார்கெட் எல்லாம் அனுப்புவதற்குத்தான் வைக்கிறார்கள்.

அளப்பதிலும் இதே கோளாறுதான். கூடையில் போட்டவருக்கு மெயில் அனுப்பினோம், வாங்கிவிட்டார், மெயிலால் வந்த விற்பனை என்று எழுதிக்கொள்வார்கள். கூடையில் போட்டவர் எப்படியும் வாங்கியிருக்கலாமே! ஒரு பகுதி ஆட்களுக்கு எதுவும் அனுப்பாமல் ஒதுக்கி வைத்து, அவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒப்பிட்டால்தான் மெயிலால் வந்தது எவ்வளவு என்று தெரியும். மெயிலைத் திறந்தார்களா என்ற எண்ணிக்கையையும் நம்ப முடியாது, மெயிலுக்குள் இருக்கும் படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த மெயில் பாதுகாப்பு வசதி, ஆள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது.

அதே 2021-இல்தான் ஐபோனில் ஆப்புகள் மற்ற ஆப்புகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்று வந்தது. வெளியிலிருந்து தகவல் வருவது குறைந்ததும் நேரடியாக உங்களிடமிருந்தே வாங்கும் வேலை கூடிவிட்டது. உறுப்பினர் பாயின்ட், ஆப் போட்டால் தள்ளுபடி எல்லாம் இந்த வகை.

நீங்கள் செய்யக்கூடியது: ஐபோனில் அந்த அனுமதியை மறுத்துவிடுங்கள், ஆண்ட்ராய்டு போனில் விளம்பர ஐடியை, அதாவது விளம்பரத்துக்காக உங்கள் போனை அடையாளம் காட்டும் எண்ணை, நீக்கிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால் 2018 முதல் அமலில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, என் தகவலை வைத்து மார்க்கெட்டிங் செய்யாதே என்று எழுதினால் போதும், கம்பெனி நிறுத்தியே ஆக வேண்டும், காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. அப்புறம், பேஸ்புக்கின் விளம்பர அமைப்புகளுக்குள் போனால், உங்களைப் பட்டியலில் சேர்த்து ஏற்றிய நிறுவனங்களின் பெயர்களைப் பார்க்கலாம். எழுத ஆரம்பிப்பதற்கு அந்தப் பட்டியலே போதும்.