மாதாமாதம் தடிமன் வருகிறது. யோகாவாலும் வீட்டுப் பழக்கங்களாலும் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

கேள்வியின் சுருக்கம்: வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு, கோட்டையில் ஏசி அலுவலகம், மாதம் ஒருக்கால் தடிமன். எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்ன ஆசனம் செய்யலாம், என்ன குடிக்கலாம்?

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். வளர்ந்த ஆளுக்கு வருடத்தில் 2, 3 தடவை தடிமன் பிடிப்பது வழமை. வீட்டில் மொன்டிசோரி போகிற பிள்ளை இருந்தால் இன்னும் கூடும். ஆனால் 12 தடவை என்றால், அதில் பாதிக்கு மேல் தடிமனே இல்லை என்றுதான் சந்தேகிக்க வேண்டும். விடிய எழும்பின கையோடு பத்துப் பதினைந்து தும்மல், தண்ணீராய் ஓடும் மூக்கு, கண்ணிலும் அண்ணத்திலும் கடி, காய்ச்சல் இல்லை, பத்து மணிக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது: உங்களுக்கும் இப்படித்தான் என்றால் அது பெரும்பாலும் தூசுப்பூச்சி ஒவ்வாமை. அங்கே எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. தேவையில்லாத இடத்தில் சண்டை பிடிக்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில் மெத்தையும் தலையணையும் இந்தப் பூச்சிக்கு நல்ல விளைநிலம். படுக்கை விரிப்பையும் உறையையும் கிழமைக்கு ஒருக்கால் 60 பாகைச் சுடுதண்ணீரில் தோயுங்கள். ஏசியின் வலையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். இதை ஒரு மாதம் செய்து பார்க்காமல் கசாயத்துக்கு ஓடுவது வீண் செலவு.

‘கூட்டுவது’ என்ற சொல்லிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி தண்ணீர்த் தாங்கி மாதிரி நிரப்புகிற பொருளில்லை. டெங்குவைப் பாருங்கள். நான்கு வகை வைரஸ்கள். ஒரு வகை வந்து போனபின் வேறு வகை தொற்றும்போது, முதல் தொற்றில் உடம்பு உண்டாக்கிய எதிரணுக்களே புது வைரஸைக் கலங்களுக்குள் கூட்டிப்போய் விடக்கூடும். இரண்டாம் முறை டெங்கு கடுமையாவதற்கு இது முக்கியமான காரணம். ஆகவே எங்களால் செய்யக்கூடியது, உடம்பின் காவலைக் கெடுக்கிற விடயங்களைக் குறைத்து, அதன் வாசல்களைச் சுத்தமாக வைத்திருப்பது. யோகா உதவுகிற இடமும் அதுதான்.

நித்திரையில் தொடங்குவோம், ஏனென்றால் ஆதாரம் பலமாக இருப்பது இங்கே. 2015இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 164 பேரின் நித்திரையைக் கையில் கட்டும் கருவியால் ஒரு கிழமை அளந்துவிட்டு, அவர்களுடைய மூக்கில் தடிமன் வைரஸைத் துளியாக விட்டார்கள். 7 மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியவர்களோடு பார்க்கையில், 6 மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கு மேல் இருந்தது. எந்த இலைச்சாறும் இந்த அளவுக்குக் கிட்ட வராது.

படுக்கப் போக அரை மணித்தியாலம் முன்னால் விபரீதகரணி செய்யுங்கள். சுவரோடு பக்கவாட்டில் குந்தி, அப்படியே மல்லாந்து, இரண்டு காலையும் சுவரில் ஏற்றி 8 நிமிடம் கிடப்பது, அவ்வளவுதான். தொடையின் பின்பக்கம் இழுத்தால் இடுப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் இதை விட்டுவிட்டு நேரே மூச்சுக்குப் போகலாம். மூச்சு என்பது 4 எண்ணிக்கை உள்ளே, 6 எண்ணிக்கை வெளியே, எல்லாம் மூக்கால். நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடத்துக்கு 30. போனில் நேரம் வைத்தால் கை தானாக வட்ஸ்அப்புக்குப் போகும். அதனால் பெருவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுங்கள்: ஒரு சுற்றுக்கு 12, இரண்டரைச் சுற்றோடு முடிந்தது. மூச்சை உள்ளே பிடித்து வைக்கிற வேலை இரவில் வேண்டாம். அது சிலருக்கு நெஞ்சுப் படபடப்பைத் தரும்.

அடுத்தது மூக்கு. பலர் பிழையாகச் செய்து ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று கைவிடுவது, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவும் ஜலநேதியைத்தான். ஒவ்வாமைக்கும் மூக்கடைப்புக்கும் நன்றாக உதவுகிற முறை அது. உப்பின் அளவு ஒரு லீற்றருக்கு 9 கிராம். அரை லீற்றருக்கு, தலைதட்டிய முக்கால் தேக்கரண்டித் தூள் உப்பு. கட்டியுப்பு கரண்டிக்குக் குறைவாகவே பிடிக்கும், அதைத் தராசில் நிறுங்கள். இந்த அளவு எங்களுடைய இரத்தத்தின் உப்புக்கு ஏறத்தாழச் சமம், அதனால் மூக்கு எரியாது. எரிந்தால் உப்பு கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது. வெறும் தண்ணீர்தான் ஆகக் கூடுதலாக எரிக்கும்.

தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக் கிடையாது. குமிழ் வெடிக்கக் குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆறவிடுங்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், வடிகட்டிச் சாடித் தண்ணீரும் வேண்டாம். குடிக்கும்போது வயிற்று அமிலம் பார்த்துக்கொள்கிற கிருமிகளை மூக்கு பார்த்துக்கொள்ளாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய்த் தண்ணீரால் நேதி செய்த இருவர் மூளைக்குள் போன ஒரு வகை அமீபாவால் இறந்தார்கள். அரிதான விடயம்தான்; ஆனால் ஒரு நிமிடக் கொதியால் தவிர்க்கக்கூடியது.

தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சரித்து, மேல் நாசியில் நேதிப் பாத்திரத்தின் குழாயைப் பொருத்துங்கள். வாயைத் திறந்து வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். தண்ணீர் தானாக மற்ற நாசியால் ஒழுகும். தொண்டைக்குள் இறங்கினால் தலை போதிய அளவு குனியவில்லை என்று அர்த்தம். நெற்றியை இன்னும் தாழ்த்துங்கள். இடையில் கதைக்கவோ விழுங்கவோ கூடாது, அப்போதுதான் காதுக்குள் ஏறும். ஒரு பக்கத்துக்கு 200, 250 மில்லிலீற்றர் போதும்.

முடிந்தபின் செய்யும் பிழைதான் பெரிய பிழை: ஒரு நாசியைப் பொத்திக்கொண்டு மற்றதால் பலமாகச் சிந்துவது. அழுத்தம் காதுக்குப் போகும். இடுப்போடு குனிந்து, தலையை இடமும் வலமும் திருப்பி, இரண்டு நாசியும் திறந்திருக்க மெதுவாக ஊதி வெளியேற்றுங்கள். உள்ளே தண்ணீர் தங்கினால் தலையிடிக்கும், அதனால் படுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம். காதுக்குத்து, மூக்கால் இரத்தம், காற்றே போகாத முழு அடைப்பு உள்ள நாட்களிலும் வேண்டாம். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரமாக மூடி வைத்தால் அடுத்த முறை என்ன ஊற்றப்போகிறீர்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நேதி சரிவராதவர்களுக்குப் பிராமரி இருக்கிறது. உதட்டை மூடி, பற்களைத் தொடாமல் வைத்து, பெருவிரலால் காதின் முன்மடலை அழுத்தி, 8, 10 செக்கன்கள் தாழ்ந்த குரலில் ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிப்பது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2002இல் அளந்தார்கள்: சும்மா மூச்சு விடுவதைவிட ரீங்கரிக்கும்போது மூக்கால் வெளிவரும் நைத்திரிக் ஒக்சைட்டு என்ற வாயு 15 மடங்கு. கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளில் தேங்கிய வாயு அதிர்வில் வெளியே வருகிறது. தொடர்ந்து ரீங்கரித்தால் அந்த அளவு இறங்கிவிடும், ஆகவே 5 தடவை செய்து, மூன்று நிமிடம் விட்டு, மறுபடி 5. இதனால் காற்றறைக்குள் காற்றோட்டம் நடக்கும் என்பது நிச்சயம். வைரஸ் செத்துவிடும் என்று யூடியூபில் சொல்வதை நம்பாதீர்கள்.

மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியைத் தடிமன் இருக்கும்போது செய்யவே கூடாது. சளியைக் காற்றறைக்குள் தள்ளிவிடும். இரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் இருந்தால் எந்த நாளும் வேண்டாம்.

இனி அசைவு. கிழமைக்கு 150 நிமிட மிதமான நடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடலோர மரைன் டிரைவில் விடிய ஆறு மணிக்கு 30 நிமிடம், ஐந்து நாள். வாகனப் புகை நிறைந்த காலி வீதியோரம் வேண்டாம். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வெளிநாட்டுப் புகையும் வந்து சேர்ந்து கொழும்பின் காற்று கெடும். புகைமூட்டமான நாட்களில் வீட்டுக்குள் சூரிய நமஸ்காரம் நல்லது. சாப்பிட்டு 3 மணித்தியாலமாவது போயிருக்க வேண்டும். 6 சுற்று, சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். நெஞ்சு விரியும்போது மூச்சு உள்ளே, வயிறு மடியும்போது வெளியே. வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். குனியும்போது முழங்காலைக் கொஞ்சம் மடிப்பது குற்றமில்லை. நாரிப்பிடிப்போடு ஒரு கிழமை படுப்பதைவிட மேல். டைல்ஸ் நிலத்தில் பாய் இல்லாமல் செய்யாதீர்கள், வியர்வையில் கை வழுக்கும்.

காலையில் செய்தால் விற்றமின் டி கிடைக்கும் என்பது பரவலான பிழை. இளவெயிலில் விற்றமின் டி ஆக்கும் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. சுலபமான சோதனை ஒன்று: நேரே நின்று நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் பலனில்லை, குறுகினால் பலன் உண்டு. கொழும்பில் அது காலை 9.15, 9.30 அளவில் வரும். அந்த நேரத்தில் கையும் முழங்காலுக்குக் கீழும் திறந்திருக்க 20 நிமிடம், கிழமையில் மூன்று நாள். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும், எனவே அலுவலக ஜன்னலோரம் கணக்கில் வராது. நண்பகல் வெயிலில் போய் நிற்காதீர்கள், தோல் கருகும். நாள் முழுக்க ஏசிக்குள் இருப்பவர்களும் உடம்பை முழுக்க மூடி உடுப்பவர்களும் ஒருமுறை இரத்தத்தில் அளந்து பார்த்து, குறைவென்றால் வைத்தியர் சொல்லும் அளவில் குளிசை எடுப்பதே நேர்வழி.

சாப்பாட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. அதே நிறைத் தோடம்பழத்தில் 50 சொச்சம்தான். ஒரு நாளைக்கு வேண்டியது 75 முதல் 90 மில்லிகிராம். சந்தையில் கொய்யா இருக்க, கரைத்துக் குடிக்கும் குளிசை எதற்கு? அந்தக் குளிசையைத் தினமும் போட்டாலும் சாதாரண ஆட்களுக்குத் தடிமன் வருவது குறைவதில்லை. வந்த தடிமன் கொஞ்சம் சுருங்கும், பெரியவர்களில் சுமார் 8 சதவீதம். பருப்பு, முட்டை, சாளை, நெத்தலி என்று புரதம் தினமும் இருக்கட்டும். இரவில் பாணும் சம்பலும் மட்டும் என்று ஓட்டுகிற வீடுகளில் குறைவது இதுதான். மஞ்சளை மிளகோடும் கொஞ்சம் எண்ணெயோடும் சேர்த்தால்தான் உடம்பில் பிடிக்கும். ரசத்தில் அது ஏற்கெனவே நடக்கிறது.

கொத்தமல்லித் தண்ணியும், பஸ்பங்குவ என்ற ஐந்து மூலிகைச் சிங்களக் கசாயமும் கெடுதலில்லை. கொத்தமல்லி, இஞ்சி, மரமஞ்சள், பற்படாகம், கண்டங்கத்தரி ஐந்தையும் எட்டுக் கோப்பைத் தண்ணீரில் போட்டு ஒரு கோப்பையாக வற்றக் காய்ச்சுவது பழைய முறை. தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். சமஹன் மாதிரிக் கரைத்துக் குடிக்கும் மூலிகைத்தூள் பக்கெட்டுகளில் சீனி இருக்கிறது, நீரிழிவுக்காரர் கவனம். ஆனால் சீந்திலை, சிங்களத்தில் ரசகிந்த, மாதக்கணக்கில் குடிக்காதீர்கள். 2021இல் மும்பையில் அப்படிக் குடித்தவர்களுக்கு ஈரல் பாதித்ததை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தைரொயிட், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

கடைசியாக, காய்ச்சல். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவான ஊர்க்காரர் நாங்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் அதையே நினைக்க வேண்டும். நேதி, ஆசனம், நடை எல்லாவற்றையும் நிறுத்திப் படுங்கள். பனடோல் தவிர இபுபுரோபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை. பப்பாசி இலைச்சாறு, இரத்தம் உறைய உதவும் பிளேற்றலெற்றைக் கூட்டும் என்று குடிப்பவர்கள் உண்டு. கூடினாலும், டெங்குவில் ஆளை விழுத்துவது பிளேற்றலெற் எண்ணிக்கையைவிட இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதுதான், சாறு அதைத் தடுக்காது. அந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விட்டு ‘சுகமாகிவிட்டது’ என்று நினைக்கிற நேரத்தில் தொடங்கும். வயிற்று நோவு, விடாத சத்தி, தலைச்சுற்று, சிறுநீர் குறைவு, முரசிலோ மூக்கிலோ இரத்தம்: இதில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.