பத்து நிமிடத்துக்குப் பிறகு எதுவும் புரிவதில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் பல்கலைக்கழகக் கணிதத் துறை ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் இருக்கிறேன். வாரந்தோறும் நடைபெறும் ஆய்வரங்க உரைகளுக்குத் தவறாமல் செல்கிறேன். பத்து நிமிடத்துக்குப் பிறகு எதுவும் புரிவதில்லை. கேள்வி கேட்கவும் அச்சமாக இருக்கிறது. தொடர்ந்து செல்வதால் பயன் உண்டா?
(ஆய்வு மாணவி, திருச்சிராப்பள்ளி)

பதில்: உண்டு, அவசியம் செல்லுங்கள். புரியாமல் போவதை உங்கள் குறையாக எண்ண வேண்டாம். எண் கோட்பாட்டில் பல ஆண்டுகள் உழைத்த பேராசிரியருக்கும் இடவியல் என்ற வேறொரு கணிதப் பிரிவைக் குறித்த உரை ஒன்று பாதி வழியில் கைநழுவிப் போவது இயல்பே. ஆனால் எந்த இடத்தில் மீண்டும் பிடித்துக்கொள்ளலாம் என்பதை அனுபவம் அவருக்குக் கற்றுத் தந்திருக்கும். உரையின் மையமாக உள்ள வரையறை, அதற்கு ஓர் எடுத்துக்காட்டு, முதன்மைத் தேற்றம் சொல்வது என்ன என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு வெளியே வந்தால், அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை. தேற்றத்தை மெய்ப்பிக்கும் நிறுவலின் நுணுக்கங்களைப் பிறகு ஆய்வுக் கட்டுரையில் படித்துக்கொள்ளலாம்.

அச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது, மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் இஸ்ராயில் கெல்ஃபாந்து 1943இல் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திய ஆய்வரங்கம் நினைவுக்கு வருகிறது. திங்கட்கிழமை மாலைகளில் கூடிய அந்த அரங்கில் பள்ளி மாணவர்களும் அமர்ந்திருந்தார்கள். கெல்ஃபாந்து அவையிலிருந்து ஒருவரைச் ‘சோதனைக் கேட்பாளராக’ அமர்த்தி, உரையை நடுவில் நிறுத்தி, அதுவரை சொல்லப்பட்டதை அவரைக் கொண்டு விளக்கச் செய்வார். அவரால் விளக்க முடியாவிட்டால் அந்தப் பகுதியை இன்னும் தெளிவாகச் சொல்லும் பொறுப்பு பேச்சாளரைச் சேர்ந்தது. பேச்சாளர்களிடம் அவர் காட்டிய கடுமையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அவையிலேயே குறைவாக அறிந்தவருக்கும் உரை போய்ச் சேர வேண்டும் என்ற அந்த நெறி நம் துறைகள் அனைத்திலும் வேரூன்ற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஆகவே, “இதற்கு மிக எளிய எடுத்துக்காட்டு எது?” என்றோ, “இந்த நிபந்தனையை நீக்கினால் தேற்றம் எங்கே பொய்த்துப்போகிறது?” என்றோ தயங்காமல் கேளுங்கள். அவையில் பலர் அதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பார்கள்.

கேள்வி: வல்லுநர்கள் நிறைந்த அவையில் ஒரு நிறுவல் மறுப்பின்றி ஏற்கப்பட்டால் அது சரியென்று கொள்ளலாமா?
(கல்லூரி ஆசிரியர், மதுரை)

பதில்: கொள்ள முடியாது. 1993 ஜூன் 21 முதல் 23 வரை, கேம்பிரிட்ஜிலுள்ள ஐசக் நியூட்டன் நிறுவனத்தில் மூன்று உரைகள் நிகழ்த்திய கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ், ஃபெர்மாவின் இறுதித் தேற்றம் (n இரண்டைவிடப் பெரிய முழு எண்ணானால் xⁿ + yⁿ = zⁿ என்பதை நிறைவுசெய்யும் நேர்ம முழு எண்கள் x, y, z இல்லை என்பது) தம் முடிவிலிருந்து பெறப்படுவதை மூன்றாம் நாள் இறுதியில் எழுதிக் காட்டினார். அவையில் அத்துறையின் முன்னோடிகள் பலர் இருந்தும் நிறுவலிலிருந்த இடைவெளி அங்கே புலப்படவில்லை. கையெழுத்துப் படியை வரிவரியாகச் சரிபார்த்தபோதுதான் அது வெளிப்பட்டது. தம் முன்னாள் மாணவர் ரிச்சர்டு டெய்லரின் துணையுடன் 1994 செப்டம்பரில் அதைச் சீர்செய்து, 1995இல் வெளியிட்டார்கள். கேட்பவரால் ஒரு மணி நேரத்தில் நிறுவலின் போக்கைத்தான் எடைபோட முடியும். ஒவ்வொரு படியையும் சோதிப்பதற்குத் தனிமையும் பல மாதங்களும் தேவை.

கேள்வி: அடுத்த மாதம் முதன்முறையாக உரை நிகழ்த்தவிருக்கிறேன். கரும்பலகையா, திரையா?
(ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: படங்களும் கணினிக் கணக்கீடுகளும் மிகுந்த உரையானால் திரை, மற்றபடி கரும்பலகையே. எழுதும் கையின் வேகம் உங்களைக் கட்டுப்படுத்தும். அவையினர் சிந்திக்க இடம் கிடைக்கும். முதன்மைத் தேற்றத்தைப் பலகையின் ஓர் ஓரத்தில் எழுதி, உரை முடியும்வரை அதை அழிக்காமல் விட்டுவையுங்கள்.