குஞ்சு ஈரல் மேல வெள்ளைப் பூச்சு: லேயர் தீவனத்தை முதல்ல நிறுத்துங்க

வணக்கங்ண்ணா. பத்து நாள் நாட்டுக்கோழிக் குஞ்சு தினமும் சாகுது, அறுத்துப் பார்த்தா ஈரல், இருதயம் மேல சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கு, குஞ்சுத் தீவனம் கிடைக்காம லேயர் தீவனம் (முட்டைக்கோழிக்குப் போடறது) போட்டேன்னு எழுதியிருந்தீங்க. அது சுண்ணாம்பு இல்லீங்க, யூரிக் அமில உப்பு. நோய் பேரு கவுட்.

ஆடு மாடு புரதக் கழிவை யூரியாவாக் கரைச்சு மூத்திரத்துல விடும். கோழி அதையே யூரிக் அமிலமாக்கி, எச்சத்துல தெரியற வெள்ளைப் பசையாத் தள்ளும். தண்ணி செலவு கம்மி. ஆனா கிட்னி கெட்டாலோ குடிதண்ணி குறைஞ்சாலோ அந்த உப்பு ரத்தத்துல தேங்கி உறுப்பு மேல படிஞ்சுரும். லேயர் தீவனத்துல கால்சியம் 3.5 - 4 சதம் இருக்கும். குஞ்சுக்கு 1 சதம் போதும். மிச்சம் இளங்கிட்னியைத்தான் கெடுக்கும். உங்க பண்ணையில எனக்கு முதல் சந்தேகம் இதுதான்.

இன்னைக்கே மாத்துங்க. 2 - 3 நாள் மக்காச்சோளக் குருணை மட்டும், அப்புறம் குஞ்சுத் தீவனம். தண்ணியில லிட்டருக்கு 5 கிராம் வெல்லம், கலக்கினதை அன்னன்னைக்கே மாத்தணும், இல்லீன்னா புளிச்சுரும். குஞ்சு தண்ணி குடிக்கிற குழாய் நிப்பிளை ஒவ்வொண்ணா அமுக்கிப் பாருங்க. போர்த்தண்ணி உப்புல அடைச்சுக்கும், அந்த மூலைக் குஞ்சுக தாகத்துலயே போயிரும். சோடா உப்பு, ஜென்டாமைசின்ங்கற ஆன்டிபயாடிக் மருந்து ரெண்டும் வேண்டாங்க, கிட்னிக்கு இன்னும் பாரம்.

நாலஞ்சு நாள்லயும் சாவு குறையலீன்னா ஐ.பி. வைரஸ் (கோழி மூச்சுக்குழலையும் கிட்னியையும் தாக்கற கிருமி), தீவனப் பூஞ்சை நச்சு மாதிரி வேற காரணம் இருக்கலாம். அப்படின்னா, புதுசாச் செத்த குஞ்சை ஐஸ்ல வெச்சு (உறைய விடாதீங்க) நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்க. தீவனத்துல அரைக் கிலோவும் சேர்த்து எடுத்துக்குங்க.