பாட்டியின் பிறந்த ஊர் எது?

கேள்வி: மகன் எடின்பரோவில் படிக்கிறான். பார்க்கப் போயிருந்தபோது கோட்டைக்குள் ஒரு சின்ன அறையைக் காட்டி, மேரி ராணிக்குப் பிள்ளை பிறந்த இடம் என்றார்கள். அந்தப் பிள்ளை தாயிடம் வளரவே இல்லையாமே, ஏன்?
- வாசகி, ஈசூன்

பதில்: ஆமாம் அம்மா, வளரவில்லை. மேரி பிறந்தது 1542 டிசம்பர் 8. ஆறாம் நாளே அப்பா ஐந்தாம் ஜேம்ஸ் இறந்துபோக, தொட்டிலில் கிடந்த குழந்தை ஸ்காட்லாந்துக்கு அரசி ஆனது. ஐந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கேயே கல்யாணம், பதினெட்டு வயது நிறைவதற்குள் கணவரும் போய்விட்டார். 1561இல் ஊர் திரும்பி டார்ன்லியை மணந்து, 1566 ஜூன் 19 அன்று நீங்கள் பார்த்த அந்த அறையில் ஜேம்ஸைப் பெற்றார். எட்டே மாதத்தில் டார்ன்லி கொலை. கொலையில் சந்தேகிக்கப்பட்ட பாத்வெல்லையே மூன்று மாதம் கழித்து மேரி மணந்ததும் பிரபுக்கள் கொதித்தெழுந்து, லாக்லெவன் தீவுக்கோட்டையில் அடைத்து, முடியைப் பறித்து ஒரு வயதுப் பிள்ளைக்குச் சூட்டினார்கள். மகனை அவர் கடைசியாகப் பார்த்தது ஸ்டர்லிங் கோட்டையில், அப்போது பிள்ளைக்குப் பத்து மாதம்.

1568இல் தப்பி இங்கிலாந்துக்குப் போய் உறவுக்காரியான இங்கிலாந்து அரசி எலிசபெத்திடம் அடைக்கலம் கேட்டார். கிடைத்தது ஏறத்தாழ 19 ஆண்டுக் காவல், பிறகு 1587 பிப்ரவரி 8 அன்று மரண தண்டனை. எலிசபெத்துக்கு வாரிசு இல்லாததால் 1603இல் மேரியின் மகனே இங்கிலாந்துக்கும் அரசரானார். அதற்கப்புறம் அந்த அரியணையில் உட்கார்ந்த எல்லாருமே, இப்போதைய சார்ல்ஸ் மன்னர் உட்பட, மேரியின் வழிவந்தவர்கள்தான். 1612இல் மகன் தாயின் உடலை வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குக் கொண்டுவந்து பெரிய கல்லறையில் வைத்தார். முகம் நினைவில் இருக்க வாய்ப்பே இல்லாத தாய்க்கு அவரால் செய்ய முடிந்தது அதுதான்.

கேள்வி: ராணிகளுக்கு மட்டும்தான் வம்சாவளி எழுதி வைத்திருப்பார்களா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: ராணியாக இருந்தாலும் பெயர் தங்கும் என்று சொல்ல முடியாது. ஸ்காட்லாந்து அரசி புனித மார்கரெட்டின் மகள் ஈடித், 1100இல் இங்கிலாந்தின் முதலாம் ஹென்றியை மணந்ததும் மட்டில்டா ஆகிவிட்டார். இந்த விஷயத்தில் பிற்கால ஸ்காட்லாந்தின் சாதாரணப் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள். 1855இல் அங்கே தொடங்கிய அரசுப் பதிவில், ஒருவர் இறந்தால் அவருடைய அப்பா பெயரோடு அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் கேட்டு எழுதினார்கள். அதை வைத்தே தாய்வழியில் அடுத்த தலைமுறைக்குப் போய்விடலாம். நம் சிங்கப்பூர் அடையாள அட்டையிலோ இன்னாரின் மகள் என்று அப்பா பெயர் மட்டும்தான். இது எனக்கு நெடுநாளாகவே உறுத்தல்.

கேள்வி: என் பாட்டி கல்யாணமாகி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். தாத்தா வழி ஏழு தலைமுறை தெரியும், பாட்டியின் ஊர்கூடத் தெரியவில்லை. எங்கே தேடுவது?
- வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் என் வீட்டிலும் இதே கதைதான். என் அப்பாயியை அக்கம்பக்கத்தில் எல்லாரும் பேராவூரணியம்மா என்று கூப்பிடுவார்கள், அது ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நாற்பது வயதில்தான் அது அவர் பிறந்த ஊர் என்று உறைத்தது. அதனால் முதலில், பாட்டியை மற்றவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று விசாரியுங்கள். நம் பெண்களைப் புகுந்த வீட்டில் பிறந்த ஊரை வைத்துக் கூப்பிடுவது வழக்கம், ஆவணத்தில் இல்லாத ஊர் அந்தக் கூப்பிடு பெயரில் இருக்கும்.

அடுத்து காகிதங்கள். பாட்டியின் பழைய இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, பிறந்த இடம் அதில் இருக்கும். அப்பா, அத்தை, சித்தப்பா எல்லாருடைய பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் பாருங்கள், தாயின் பெயர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கலாம், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே 1872இலிருந்து பிறப்பு, இறப்புப் பதிவு உண்டு, தொலைந்த சான்றிதழுக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் பிரதி கேட்கலாம். பழைய கடித உறைகளையும் எறிந்துவிடாதீர்கள், அஞ்சல் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும்.

ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கும் வழக்கம் வீட்டில் உண்டா? அப்பாவின் அம்மா, அவருக்கு முந்தைய பாட்டி என்று பெண்கள் பெயரையும் அதில் சொல்வார்கள். யாராவது அதைத் தாளில் எழுதி வைத்திருக்கலாம், சாமி மாடத்துப் பழைய புத்தகங்களுக்குள் தேடுங்கள்.

ஊர் தெரிந்ததும் பாட்டியின் அண்ணன் தம்பி வீட்டுக் குலதெய்வக் கோயில் எது என்று கேளுங்கள். திருவிழாவுக்கு வரி கட்டும் குடும்பங்களின் பட்டியல் கோயில் நிர்வாகத்திடம் இருக்கும், அங்கே உங்கள் சொந்தக்காரர் ஒருவராவது இருப்பார். உங்கள் வீட்டில் மூத்தவர் யார், அத்தையா? இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, உங்க அம்மாவ யாரு என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க அத்தை என்று கேளுங்கள். ஊர் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.