'ரிவர்ட்' போட்டால் பதில் என்று அர்த்தமா?

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நாங்கள் செய்துகொடுத்த மாற்றங்களில் லண்டன் கிளையன்ட் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். 'ஐ வில் ரிவர்ட் ஆன் தி சேஞ்சஸ் பை ஈவினிங்' என்று மெயில் போட்டேன். பத்து நிமிடத்தில் போன். 'நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் எடுக்கிறீர்கள்?' என்கிறார். ரிவர்ட்டும் ரிப்ளையும் ஒன்றுதானே?"

நம் ஊர் ஆபீஸில் ஒன்றுதான். லண்டனில் இல்லை.

ரிவர்ட் லத்தீன் வழி வந்த சொல். திரும்புதல் என்று பொருள். ஆனால் இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதுதான். சிகரெட்டை விட்டவர் மறுபடி பற்றவைத்தால், பழைய பழக்கத்துக்கு 'ரிவர்ட்' ஆகிவிட்டார். குத்தகை முடிந்து நிலம் உரிமையாளர் கைக்கே போனால் அதற்கும் வக்கீல்கள் இதே சொல்லைத்தான் போடுவார்கள். உங்கள் தொழிலில் கேட்கவே வேண்டாம். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) கருவியில் ரிவர்ட் கொடுத்தால், முன்பு செய்த மாற்றத்தை ரத்து செய்து புதிதாக ஒரு கமிட், அதாவது மாற்றப் பதிவு, விழும். 'சேஞ்சஸ்' பக்கத்திலேயே 'ரிவர்ட்' உட்கார்ந்திருந்தால் மனிதர் பதறாமல் என்ன செய்வார்?

அதற்காக நம் வழக்கை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். இந்தியாவில் மட்டுமில்லை, சிங்கப்பூர், மலேசியா அலுவலகங்களிலும் 'ரிவர்ட்' என்றால் பதில்தான். பிரிட்டிஷ்காரர்களே 'ஐ வில் கெட் பேக் டு யூ' என்கிறார்களே, அதுவும் திரும்பி வருகிற கதைதானே! உள்ளூர் மெயிலில் தாராளமாக எழுதுங்கள், கடல் தாண்டும் மெயிலில் வேண்டாம். 'ரிவர்ட் பேக்' மட்டும் எங்கேயும் வேண்டாம். அது 'நடு சென்டர்' மாதிரி.

ரிப்ளையில் இந்தக் குழப்பம் கிடையாது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஒரே ஒரு கவனம்: 'ரிப்ளை மீ' என்று எழுதாதீர்கள், நடுவில் 'டு' வேண்டும். 'ரிப்ளை டு மீ', 'ரிப்ளை டு யுவர் மெயில்'.

சரி, அன்றைக்கு என்ன எழுதியிருக்கலாம்? 'ஐ வில் செக் திஸ் அண்ட் ரிப்ளை பை ஃபைவ் பிஎம், யூகே டைம்.' வெறும் 'ஈவினிங்' என்று விட்டால், எந்த ஊர் ஈவினிங் என்று இன்னொரு போன் வரும்.